ஹோய் ஆன் ஜப்பானியப் பாலம்: டா நாங்கிலிருந்து மாலையில் போய் வருவதா, ஊரிலேயே ஓர் இரவு தங்குவதா?

வியட்நாம் போகும் நம்மூர்க்காரர்கள் பெரும்பாலும் டா நாங்கில்தான் அறை எடுக்கிறார்கள். விமான நிலையம், கடற்கரை, பா நா மலை எல்லாமே அங்கிருந்து வசதி. பகலில் மலை, மாலையில் 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஹோய் ஆன், இரவு திரும்பி வந்து தூக்கம். டூர்காரர்கள் போட்டுத் தரும் திட்டம் அநேகமாக இதுதான். நாங்கள் ஹோய் ஆனிலேயே ஓர் இரவு தங்கினோம். பாலத்தைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் தங்குவதே சரி என்பது என் கட்சி.

மாலைப் பயணத்துக்கும் நியாயம் உண்டு. பெட்டியைக் கட்டி அறை மாற்றும் வேலை இல்லை. கூரை போட்ட அந்த மரப்பாலத்துக்கு விளக்கு போட்டதும் வரும் அழகு தனி. து போன் ஆற்றில் படகுகள், தெருவெங்கும் பட்டு விளக்குகள். குழந்தைகளோடு போனால் அவர்களுக்கு இதுதான் பிடிக்கும்.

ஆனால் பாலம் சுமார் 18 மீட்டர் நீளம்தான். மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது. டா நாங்கிலிருந்து வரும் பேருந்துகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஆட்களை இறக்கிவிட, அத்தனை பேரும் இந்தச் சின்ன இடத்துக்குத்தான் வருகிறார்கள். எதிரே நின்று படம் எடுக்கலாம். உள்ளே நின்று பார்ப்பது சிரமம். இந்தப் பாலமோ உள்ளே நின்று பார்க்க வேண்டிய ஒன்று.

நடுவில் வண்டிப் பாதை, இரு பக்கமும் சற்று உயர்த்திய மரத் தளம். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் மோட்டார் வண்டிகளுக்காகத் தளத்தைச் சமமாக்கிவிட்டார்கள். 1986-இல் பழுதுபார்த்தபோதுதான் பழைய வளைவு திரும்ப வந்தது. அந்த ஏற்ற இறக்கத்தைக் காலில் உணர வேண்டுமானால் மெதுவாக நடக்க இடம் வேண்டும். ஒரு முனையில் ஜோடி நாய்ச் சிலைகள், மறுமுனையில் ஜோடிக் குரங்குகள். பக்கவாட்டில் ஒட்டினாற்போல ஒரு சின்னக் கோயில். அங்கே புத்தர் இல்லை. வடதிசைக் காவல் தெய்வமான திரான் வூதான் மூலவர். கோயில் வாசலுக்கு மேலே, 1719-இல் ஊருக்கு வந்த நுயென் ஃபுக் சூ பிரபு சூட்டிய பெயர் மூன்று சீன எழுத்துகளில் இருக்கிறது. கூட்டத்தோடு நகர்ந்தால் இதில் பாதி கண்ணில் படாது.

பூமிக்கு அடியில் ஒரு பெரும் பூதம் படுத்திருக்கிறதாம். தலை இந்தியாவில், வால் ஜப்பானில், முதுகு இங்கே. அது அசைந்தால் நிலநடுக்கம். அதன் முதுகில் செருகிய வாளாகத்தான் இந்தப் பாலத்தைக் கட்டினார்கள் என்று ஊரில் கதை சொல்கிறார்கள். நம் நாட்டில் தலை வைத்துப் படுத்திருக்கும் பூதத்தின் முதுகில் நிற்கிறோம் என்று நினைத்தபோது எனக்குச் சிலிர்த்தது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி ஜப்பானிய வணிகர்கள் தொடங்கிய பாலம் இது. 1630-களில் ஜப்பான் கதவை அடைத்துக்கொண்டதும் அவர்கள் வரத்து ஓய்ந்தது. பாலத்தைச் சீன வணிகர்களும் உள்ளூர்க்காரர்களும் காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

விடிந்ததும் போனோம். கடைகள் திறக்கவில்லை, சைக்கிளில் போகிற உள்ளூர்க்காரர்கள்தான். ஆற்றோரமாக இருக்கும் சிறு பாலத்தில் நின்றால் முழுப் பாலமும் தண்ணீரில் நிழலோடு தெரிகிறது. அம்மா அங்கிருந்து கிளம்பவே மனமில்லாமல் நின்றார். அந்த நேரத்தில் ஒரே தொல்லை மோட்டார் சைக்கிள்கள். பழைய ஊரில் அவற்றுக்கான தடை குறிப்பிட்ட நேரங்களில் மட்டும்தான். கோயிலைப் பார்க்கக் கொஞ்சம் பொறுத்து, பழைய ஊர் டிக்கெட்டோடு போக வேண்டும். வெளிநாட்டவருக்கு 1,20,000 டாங். அதே டிக்கெட்டில் பழைய வணிகர் வீடுகளும் சீனச் சபை மண்டபங்களும் உண்டு. தங்கினால் அவற்றுக்கும் நேரம் கிடைக்கும். சிவன் கோயில்கள் இருக்கும் மி சன்னுக்கும் இங்கிருந்து போவது எளிது.

2022 இறுதியில் பிரித்துப் பழுதுபார்க்கத் தொடங்கி 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். நிறம் புதுசாகத் தெரிகிறது என்று பலர் குறைபட்டார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. வெள்ளத்தில் அடிக்கடி நனையும் மரத்தை அப்படியே விட்டிருந்தால் பார்க்கப் பாலமே மிஞ்சியிருக்காது.

நாங்கள் போனது மழை இல்லாத காலம். அக்டோபர், நவம்பரில் ஆறு ஊருக்குள் வருவது வழக்கம். அப்போது தங்குவது எப்படி இருக்கும் என்று அனுபவத்தில் சொல்ல என்னால் முடியாது. அந்த மாதங்களில் போகிறவர்கள் முன்பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் போடுங்கள்.

தங்கவே வழியில்லையா? சரி, டா நாங்கிலிருந்தே வாருங்கள். மாலை வண்டியை விட்டுவிட்டு விடியற்காலை டாக்சி பிடியுங்கள். சாலையும் காலியாக இருக்கும், முக்கால் மணி நேரத்தில் பாலத்தடியில் நிற்கலாம்.