ஓன் ஜாபாரா, பூஸ்தமாமா: முதலில் யாரைப் படிக்கலாம்?

கோலாலம்பூரில் எங்கள் வாசிப்பு வட்டத்தில், வெள்ளைக்காரர்களை எதிர்த்த மலாய்த் தலைவர் ஒருவரின் வாழ்க்கையை எடுத்துப் பேச வேண்டியிருந்தது. டத்தோ ஓன் ஜாபார், அகமட் பூஸ்தமாம் என்று இரண்டு பெயர்கள் வந்தன. நான் பூஸ்தமாமைத் தேர்ந்தெடுத்தேன்.

ஓன் ஜாபாரின் சாதனை ஊரறிந்தது. 1946ல் அம்னோ என்ற மலாய்க் கட்சியைத் தொடங்கி, சுல்தான்களின் அதிகாரத்தைப் பறித்த பிரிட்டிஷ் ஆட்சித் திட்டமான மலாயன் யூனியனைக் கவிழ்த்தவர். சுல்தான்கள் யூனியன் ஆளுநரின் பதவியேற்புக்குப் போகவில்லை. மலாய்க்காரர்கள் சொங்கோக் தொப்பியில் வெள்ளைத் துணி சுற்றித் துக்கம் காட்டினார்கள். அதை யாரும் குறைத்துப் பேச முடியாது.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. மலாய்க்காரர் அல்லாதவர்களுக்கு இந்த நாட்டில் என்ன இடம் என்று இவர்கள் நினைத்தார்கள்? அந்த நிலையில் எவ்வளவு காலம் உறுதியாக இருந்தார்கள்?

பூஸ்தமாமின் ஆப்பி இளைஞர் இயக்கம் புத்தரா என்ற மலாய் இடதுசாரிக் கூட்டணியில் இருந்தது. அந்தக் கூட்டணி, ம.இ.கா.வும் (மலாயா இந்தியர் காங்கிரஸ்) இடம்பெற்ற பல்லினக் கூட்டணியான ஏ.எம்.சி.ஜே.ஏ.வுடன் சேர்ந்து 1947ல் மக்கள் அரசியலமைப்பு என்ற மாற்று வரைவை முன்வைத்தது. மலாயாவைத் தாயகமாக ஏற்பவர் எவரானாலும் சம குடியுரிமை. எல்லாருக்கும் 'மெலாயு' என்ற ஒரே தேசிய அடையாளம். அக்டோபர் 20 அன்று அதற்காக நாடு தழுவிய ஹர்த்தாலே (கடையடைப்பு) நடந்தது. அதற்குள் ஆப்பிக்குத் தடை விழுந்துவிட்டது. பூஸ்தமாம் தேச நிந்தனை வழக்கில் அபராதமும் கட்டியிருந்தார். அப்புறம் 1948 முதல் 1955 வரை தடுப்புக்காவல். வெளியே வந்த அதே ஆண்டு பார்ட்டி ராக்யாட் (மக்கள் கட்சி) என்ற கட்சியைத் தொடங்கினார். தொழிற்கட்சியோடு சோஷலிச முன்னணியில் நின்று 1959ல் செத்தாபாக் தொகுதியை வென்றார். 1963ல் மறுபடியும் பிடித்தார்கள்; 1967 வரை உள்ளேதான். ஏழு வருடச் சிறைக்குப் பிறகும் பிற இனத்தவரோடு சேர்ந்தே அரசியல் செய்தாரே, அதுதான் என் மனத்தில் தைத்தது.

ஓன் ஜாபாரும் அம்னோவை எல்லா இனத்தவருக்கும் திறக்கச் சொன்னவர்தான். கட்சி மறுத்ததும் 1951ல் வெளியேறி மலாயா சுதந்திரக் கட்சியைத் தொடங்கினார். அந்தத் துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் 1952 கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலில் அதற்குக் கிடைத்தது 12ல் 2 இடங்கள். 1954ல் ஆரம்பித்த பார்ட்டி நெகாராவில் மறுபடியும் மலாய் இனவழி அரசியலுக்கே திரும்பிவிட்டார்.

பூஸ்தமாம் பத்திரிகையாளரும்கூட; அந்த எழுத்தை நான் எடைபோட முடியாது. எனக்கு ஜாவி எழுத்து (அரபு வரிவடிவில் எழுதும் மலாய்) வாசிக்க வராது. நிர்வாக அனுபவத்தில் ஜொகூர் மந்திரி பெசாராக (மாநில முதல்வராக) இருந்த ஓன் ஜாபார்தான் மேல். அடுத்த சுற்றுக்கு அவரை எடுக்கிறோம், அம்னோவை விட்டு வெளியேறிய 1951ல் இருந்து.