நீரா, தீனியா, வெளிச்சமா: எலியின் இட நினைவை எதில் அளப்பது?

எந்த மேஸும் (எலியை வழி தேடவைக்கும் சோதனை அமைப்பு) இட நினைவை, அதாவது எது எங்கே இருக்கிறது என்ற நினைவை, மட்டும் தனியாக அளந்து தராது. எலியை ஓடவைக்கும் பசியும் பயமும் அந்த எண்ணில் கலந்தே இருக்கும். ஆகவே கொடுக்கப்போகும் மருந்து நினைவைத் தவிர வேறு எதைத் தொடும் என்று முதலில் பாருங்கள். மேஸை அப்புறம் தேர்ந்தெடுக்கலாம்.

பசியைக் குறைக்கும் மருந்து என்றால் ரிச்சர்ட் மோரிஸ் 1981-ல் விவரித்த நீர் மேஸ்தான் சரி. பட்டினி போட வேண்டாம். மோப்பம் பிடித்தும் ஏமாற்ற முடியாது. 1.5 முதல் 2 மீட்டர் விட்டத்தில் வட்டத் தொட்டி, நீர்மட்டத்துக்கு 1–2 செ.மீ. கீழே சிறு மேடை. நாளுக்கு 4 முறை, சுமார் 5 நாள், ஒவ்வொரு முறையும் வேறு இடத்திலிருந்து, முகம் சுவரைப் பார்க்கும்படி இறக்க வேண்டும். 60–90 நொடியில் மேடை கிடைக்காவிட்டால் கையால் வழிகாட்டி, 15–30 நொடி அதன்மேல் இருக்கவிடுங்கள். கடைசியில் மேடையை எடுத்துவிட்டுச் சோதனை: மேடை இருந்த கால்வட்டத்தில் செலவிடும் நேரம் 25 சதவீதத்தைத் தாண்டினால்தான் நினைவு.

மேடையை அடைய எடுத்த நொடிகளை மட்டும் நம்பினால் மெதுவாக நீந்தும் எலிகூட மறதி எலியாகத் தெரியும். நீந்திய தூரத்தையும் வேகத்தையும் சேர்த்துக் குறியுங்கள். கண்ணுக்குத் தெரியும் மேடையிலும் தடுமாறும் எலிக்குக் கோளாறு பார்வையிலோ உடலிலோ இருக்கலாம். சுவரோரமாகவே சுற்றினால் அது பெரும்பாலும் பதற்றம். நீர் குளிர்ந்தால் வயதான எலி விறைத்துப்போகும். வெதுவெதுப்பானால் சுகமாக மிதக்கும். வெள்ளை எலியை வெள்ளைச் சாயம் கலந்த நீரில் விட்டால் கேமராவுக்கு எதுவும் பிடிபடாது. எலி அறையில் உள்ளவற்றை அடையாளமாக வைத்தே வழி தேடும்; நீங்களும் ஓர் அடையாளம்தான், தினமும் ஒரே இடத்தில் நில்லுங்கள்.

'இன்று எங்கெல்லாம் போனேன்' என்ற செயல் நினைவுக்கு, ஓல்டனும் சாமுவேல்சனும் 1976-ல் வெளியிட்ட எட்டுக் கை மேஸ் மேல்: நடுமேடையிலிருந்து எட்டுப் பாதைகள் (கைகள்) பிரியும். தீனியைக் குறைத்து எலியின் எடையை வழக்கத்தின் 85 சதவீதத்துக்கு இறக்கி, 4 கைகளில் மட்டும் தீனி வைத்தால் தவறுகள் தாமாகவே பிரியும்: தீனியே வைக்காத கையில் நுழைவது நிலைநினைவுப் பிழை (நாள்தோறும் மாறாததை மறந்தது), போன கைக்கே திரும்புவது செயல் நினைவுப் பிழை. எட்டிலும் தீனி வைத்தால் ஒரு பொறி உண்டு. கண்ணை மூடிக்கொண்டு எட்டு முறை தேர்ந்தாலும் சராசரியாக 5.25 வெவ்வேறு கைகள் வந்துவிடும். 6 வந்தால் பூரிக்க வேண்டாம். பக்கத்துக் கை, அதற்குப் பக்கத்துக் கை என்று வரிசையாகப் போகும் எலி நினைவே இல்லாமல் முழு மதிப்பெண் வாங்கும். நடுமேடையில் கதவடைத்துச் சில நொடி நிறுத்தினால் அந்த வித்தை பலிக்காது.

நீச்சலும் பட்டினியும் தாங்காத எலிக்கு பார்ன்ஸ் மேஸ், 1979: வட்டப் பலகை, விளிம்பில் 18 ஓட்டைகள், ஒன்றின் அடியில் மட்டும் இருட்டுப் பெட்டி. விரட்டுவது வெளிச்சம் மட்டும் என்பதால் உந்துதல் பலவீனம்; பதற்றத்தைத் தணிக்கும் மருந்தோடு இது சேராது. பழகிய எலி சரியான ஓட்டையை எட்டிப் பார்த்துவிட்டு உலாவப் போய்விடும். அதனால் உள்ளே நுழைந்த நேரத்தை விட்டு, முதன்முதலில் அங்கே மூக்கை நீட்டும்வரை எத்தனை தவறான ஓட்டைகள் என்று எண்ணுங்கள். ஒவ்வொரு எலிக்கும் பிறகு பலகையைச் ஆல்கஹாலால் துடைத்துச் சுழற்றுங்கள். பெட்டி மட்டும் அறையில் அதே திசையில் இருக்கட்டும்.