பிலிம் ஸ்கூலுக்கு முன்: ஸ்டில் கேமராவா, ஹேண்டிகேமா?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒளிப்பதிவு படிக்கப் போனாலும் சரி, இயக்கம் படிக்கப் போனாலும் சரி, வாங்க வேண்டியது லென்ஸ் மாற்றக்கூடிய, வீடியோவும் எடுக்கிற ஸ்டில் கேமராதான். ஆனால் கையிலிருக்கும் பணம் மொத்தத்தையும் அதில் போட்டுவிட்டால், ஆறே மாதத்தில் "பேசாமல் ஹேண்டிகேமே வாங்கியிருக்கலாம்" என்று புலம்ப வேண்டியிருக்கும். அந்தப் புலம்பலில் நியாயம் உண்டு. அதில் பாதிக்குமேல் ஒலி சம்பந்தப்பட்டது.

2008-இல் வீடியோவும் எடுக்கிற ஸ்டில் கேமராக்களாக நிக்கான் டி90-யும் கேனான் 5டி மார்க் 2-வும் வரும்வரை இந்தக் கேள்விக்கே இடமில்லை. போட்டோவுக்கு ஒன்று, வீடியோவுக்கு ஒன்று, அவ்வளவுதான். இப்போது ஒரே பட்ஜெட்டில் இரண்டு வகையும் வந்து நிற்கின்றன. இங்கே பேசுவது ஸ்டில் பக்கம் கேனான் 200டி மார்க் 2, சோனி இசட்வி-இ10 ரகம்; மறுபக்கம் சோனி ஏஎக்ஸ்43 போன்ற 4கே ஹேண்டிகேம். கல்யாண வீடியோக்காரர்கள் தோளில் சாய்த்து எடுக்கும் பெரிய கேம்கார்டர்கள் வேறு விலை, வேறு கணக்கு.

ஹேண்டிகேமின் சென்சார் 1/2.5 அங்குல வகை. பெயரில்தான் அங்குலம், அசல் மூலைவிட்டம் 7 மி.மீ. சொச்சம். கேனானின் ஏ.பி.எஸ்.-சி சென்சார் 22.3-க்கு 14.9 மி.மீ., பரப்பில் பத்து மடங்குக்கும் மேல். பகலில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ராத்திரி ஒற்றை ட்யூப்லைட் எரியும் அறையில் இரண்டையும் பக்கத்தில் வைத்து எடுத்தால் தெரிந்துவிடும்: ஹேண்டிகேம் படத்தில் இருட்டான மூலைகளில் புள்ளி ஊறும், அதைத் துடைக்கப் போய் கேமரா முகத்தையே மெழுகு பூசினாற்போல் ஆக்கிவைத்திருக்கும்.

ஆனாலும் ஸ்டில் கேமரா வாங்கச் சொல்வதற்கு முதல் காரணம் அது இல்லை. ஷட்டர் (வெளிச்சம் விழும் நேரம்), அபர்ச்சர் (லென்ஸ் திறக்கும் அளவு), ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு) மூன்றையும் தனித்தனியாகக் கையில் வைத்துப் பூட்டிவிட முடிகிறது, அதுதான் காரணம். வீட்டு உபயோக ஹேண்டிகேம் பலவற்றில் ஷட்டரை நாம் எடுத்துக்கொண்டால் ஐரிஸ் (அபர்ச்சரின் இன்னொரு பெயர்) ஆட்டோவுக்குப் போய்விடும். ஐரிஸைப் பிடித்தால் ஷட்டர் கைவிட்டுப் போகும். ஜன்னலைக் கடந்து ஒருவர் நடந்தால் படம் தானாக இருண்டு தானாக வெளுக்கும். பிறந்தநாள் விழாவுக்கு அது வசதி. வெளிச்சம் எப்படி விழுகிறது என்று கற்றுக்கொள்ள வந்தவருக்கு அது இடைஞ்சல், ஏனென்றால் தப்பு செய்யவே கேமரா விடாது. கே.வி. ஆனந்த் பத்திரிகைப் புகைப்படக்காரராக இருந்து ஒளிப்பதிவுக்கு வந்தவர். ஒற்றை பிரேமில் வெளிச்சத்தைப் படிக்கிற பழக்கம் வீணாகாது.

இன்னொன்று ஃபோகஸ். ஹேண்டிகேமில் 4, 5 மி.மீ. லென்ஸ் என்பதால் முன்னாலிருக்கும் ஆளும் பின்னாலிருக்கும் பீரோவும் ஒரே தெளிவில் நிற்கும். 50 மி.மீ. லென்ஸை ஏ.பி.எஸ்.-சி கேமராவில் மாட்டி, எஃப் 1.8-இல் (எஃப் எண் குறையக் குறைய அபர்ச்சர் அதிகம் திறக்கும்) ஒன்றரை மீட்டர் தூரத்து முகத்தை எடுத்தால் தெளிவாக இருப்பது ஏறக்குறைய 6 செ.மீ. ஆழம்தான். கண் தெளிவாக இருக்கும்போது காது மங்கிவிடும். ஆள் மூச்சு விட்டுச் சாய்ந்தாலே ஃபோகஸ் போச்சு. எஃப் 4-க்கு மூடினால் அது 14 செ.மீ. ஆகும். புதிதாகப் பழகுபவர்கள் எஃப் 4-இல் தொடங்குவது நல்லது. எஃப் 1.8-இல் எல்லாவற்றையும் எடுத்துத் தள்ளி "சினிமாட்டிக்" என்று பெயர் வைப்பது முதல் மாதத்து வியாதி, தானாகச் சரியாகிவிடும்.

பழகும் முறை இதுதான். கேமராவின் மேல்தட்டில், ஒரு வட்டத்தின் குறுக்கே கோடு போட்டது மாதிரி சின்னக் குறி இருக்கும். சென்சார் உட்கார்ந்திருக்கும் தளம் அது. தையல்கடை டேப்பின் நுனியை அங்கே வைத்து 1, 1.5, 2, 3 மீட்டரில் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். லென்ஸ் வளையத்தைச் சுற்றி இன்னொரு துண்டு டேப். ஒவ்வொரு தூரத்துக்கும் ஃபோகஸ் வைத்து அதில் பென்சில் கோடு. இப்போது ஒருவர் 3 மீட்டரிலிருந்து நடந்து வரட்டும். அவர் கால் டேப்பைத் தொடும்போது உங்கள் கை கோட்டில் இருக்க வேண்டும். திரையைப் பார்க்காமல் காலைப் பார்த்துச் செய்யுங்கள்.

இதைச் செய்யும்போதுதான் ஒரு சிக்கல் தெரியவரும். கேனானின் எஸ்.டி.எம். லென்ஸ்களிலும் சோனி கேமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸிலும் ஃபோகஸ் வளையம் கண்ணாடியோடு நேரடியாக இணைந்ததில்லை. மோட்டாருக்கு உத்தரவு மட்டும் போகும். வேகமாகத் திருப்பினால் ஒரு தூரம், மெதுவாகத் திருப்பினால் வேறு தூரம். பென்சில் கோடு இரண்டாவது டேக்கிலேயே பொய்யாகிவிடும். இதற்கு மலிவான வழி பழைய மேனுவல் லென்ஸ். நிக்கானின் ஏ.ஐ.-எஸ் 50 மி.மீ. லென்ஸை அடாப்டர் வளையம் போட்டு கேனான் 200டி-யில் மாட்டலாம்: நிக்கானில் லென்ஸ் வளையத்துக்கும் சென்சாருக்கும் நடுவே 46.5 மி.மீ., கேனானில் 44, அந்த 2.5 மி.மீ. இடைவெளியில் அடாப்டர் உட்கார்ந்துகொள்ளும். எம்42 திருகு லென்ஸும் கேனானுக்கு ஒத்துவரும். அதையே நிக்கான் பாடியில், கண்ணாடி இல்லாத அடாப்டரோடு போட்டால் தூரத்துப் பொருளுக்கு ஃபோகஸ் கிடைக்காது. சோனியில் இடைவெளி 18 மி.மீ. மட்டுமே என்பதால் ஏறக்குறைய எல்லாப் பழைய லென்ஸும் போகும். ஆனால் அதில் லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் விழட்டும் என்ற தேர்வை மெனுவில் இயக்காவிட்டால், அடாப்டர் லென்ஸில் போட்டோ எடுக்காது. பலர் அடாப்டர் பழுது என்று திருப்பிக் கொடுப்பது இதனால்தான்.

200டி மார்க் 2-வின் பெட்டியில் 4கே என்று போட்டிருப்பதை மறந்துவிடலாம். 4கே-யில் படம் இன்னும் ஒருமுறை வெட்டப்பட்டு, 18 மி.மீ. லென்ஸ் முழு பிரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) கணக்கில் 46 மி.மீ. போல ஆகிவிடும். சின்ன அறையில் முதுகைச் சுவரில் ஒட்டினாலும் இரண்டு பேர் பிரேமுக்குள் வர மாட்டார்கள். கேனானின் வேகமான டூயல் பிக்சல் ஆட்டோ ஃபோகஸும் அதில் வேலை செய்யாது. 1080 (முழு எச்.டி.), விநாடிக்கு 25 பிரேம், அதுவே போதும். பழகுகிற காலத்தில் ஹார்ட் டிஸ்க்கும் மிஞ்சும்.

25 பிரேம் என்பதற்குக் காரணம் உண்டு. நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்; பழைய ட்யூப்லைட் விநாடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டர் 1/50 என்றால் ஒவ்வொரு பிரேமும் சரியாக இரண்டு மினுக்கைப் பிடிக்கும், படம் நிலையாக இருக்கும். 30 பிரேம், 1/60 என்று வைத்தால் கறுப்புப் பட்டை படத்தில் மேலும் கீழும் ஊர்ந்துகொண்டே இருக்கும். எடிட்டிங்கில் அதை எடுப்பது பெரும்பாடு. அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கிவந்த கேமரா என்றால் முதல் வேலையாக வீடியோ சிஸ்டத்தை என்.டி.எஸ்.சி.-யிலிருந்து (30 பிரேம் அமெரிக்க முறை) பி.ஏ.எல்.-க்கு (25 பிரேம் நம்மூர் முறை) மாற்றுங்கள். மாற்றும் வசதி இல்லாத மாடலாக இருந்தால் 24 பிரேம், 1/50.

ஷட்டரை 1/50-இல் பூட்டிவிட்டு உச்சி வெயிலில் போனால் அடுத்த தொல்லை. ஐ.எஸ்.ஓ. 100-இல் அபர்ச்சரை எஃப் 22 வரை மூட வேண்டியிருக்கும். எஃப் 2.8-இல் எடுக்க வேண்டுமென்றால் ஆறு ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் பாதியாக்கும்) வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும், அதாவது வெளிச்சத்தை 64-இல் ஒரு பங்காக்கும் கறுப்புக் கண்ணாடியான என்.டி. 64 ஃபில்டர். ஃபில்டர் இல்லாதவர்கள் ஷட்டரை 1/3200-க்கு ஏற்றிவிடுவார்கள். நடப்பவர் கைகால் வெட்டி வெட்டி நகர்வது அதனால்தான். தொழில்முறை கேம்கார்டரில் என்.டி. உள்ளேயே இருக்கும், ஒரு சுவிட்சைத் தள்ளினால் போதும். பொறாமைப்பட வேண்டிய வசதி. ஸ்டில் கேமராவுக்கு 58 மி.மீ. ஃபில்டர் ஒன்றும், அதை 49 மி.மீ. வாய் உள்ள லென்ஸில் மாட்ட 49-58 ஸ்டெப்-அப் வளையம் ஒன்றும் வாங்கினால் கேனான் 18-55 கிட் லென்ஸ், 50 மி.மீ. எஸ்.டி.எம். இரண்டுக்கும் ஆகிவிடும். சுழற்றிக் கூட்டிக்குறைக்கும் வேரியபிள் என்.டி. வசதிதான், ஆனால் 18 மி.மீ.-இல் அதைக் கடைசிவரை திருப்பினால் படத்தின் நடுவே பெருக்கல் குறி மாதிரி இருட்டு விழும். கடைசிக் கால்வாசிச் சுற்றைத் தொடாதீர்கள்.

இப்போது ஒலி. இங்கேதான் ஹேண்டிகேம் ஜெயிக்கிறது. ஏஎக்ஸ்43-இல் மைக் ஜாக், ஹெட்போன் ஜாக் இரண்டும் உண்டு; இசட்வி-இ10-லும் உண்டு. 200டி மார்க் 2-வில் மைக் ஜாக் மட்டும்தான். பதிவாவது என்ன என்று படப்பிடிப்பில் கேட்கவே முடியாது. வீட்டுக்கு வந்து ப்ளே பண்ணும்போதுதான் மின்விசிறியின் இரைச்சலும் சட்டையில் மைக் உரசிய சரசரப்பும் தெரியும். ஆட்டோ லெவலில் விட்டால் இன்னும் மோசம்: வசனத்துக்கு நடுவே மௌனம் வந்தால் கேமரா ஒலியளவைத் தானாக ஏற்றும், "ஸ்ஸ்ஸ்" என்று பின்னணி எழும், அடுத்த வசனம் வந்ததும் அமுங்கும். ஆட்டோவை அணைத்துவிட்டு, சத்தமான வசனத்தைப் பேசவைத்து, மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தொடும்படி வையுங்கள்.

தனி ரெக்கார்டர் வாங்கிவிடுவதே நிம்மதி. ஜூம் எச்1என், டாஸ்காம் டிஆர்-05எக்ஸ் மாதிரி ஏதாவது ஒன்று. அதில் ஹெட்போன் போட்டுக் கேட்கலாம். 44.1 அல்ல, 48 கிலோஹெர்ட்ஸில் பதிய வேண்டும். கேமராவின் ஒலியும் கூடவே ஓடட்டும். பிரேமுக்குள் கை தெரிய ஒருமுறை தட்டினால் எடிட்டிங்கில் அந்த முனையை வைத்து இரண்டையும் சேர்த்துவிடலாம். டேக் இரண்டு மூன்று நிமிடம் என்றால் பிரச்சினை இல்லை. அரைமணி நேரப் பேட்டி என்றால் இரண்டு கருவிகளின் கடிகாரமும் சற்றே விலகி, கடைசியில் உதடும் ஒலியும் ஒரு பிரேம், இரண்டு பிரேம் தள்ளிப்போகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டிக்கொள்ளுங்கள்.

மைக் வாங்கும்போது பின்னைப் பாருங்கள். கறுப்பு வளையம் இரண்டு என்றால் கேமராவுக்கு, மூன்று என்றால் போனுக்கு. போன் மைக்கை கேமராவில் செருகினால் பெரும்பாலும் ஒலியே வராது, வந்தால் முனகும். போயா பிஒய்-எம்1 மாதிரி சுவிட்ச் உள்ள காலர் மைக் இரண்டுக்கும் ஆகும்: கேமராவில் சுவிட்சை ஆன் பக்கம் வைக்க வேண்டும், உள்ளே ஒரு எல்.ஆர்.44 பட்டன் பேட்டரி போகும். படப்பிடிப்பு முடிந்து அணைக்க மறந்தால் அடுத்த முறை செத்துக் கிடக்கும். பையில் இரண்டு பட்டன் பேட்டரி எப்போதும் இருக்கட்டும்.

நீண்ட நேரப் பதிவும் ஸ்டில் கேமராவின் பலவீனம். 200டி மார்க் 2 ஒரு கிளிப்பை 29 நிமிடம் 59 விநாடியில் நிறுத்திவிடும். அரைமணிக்கு மேல் பதியும் கருவியை வீடியோ கேமரா என்று கணக்கிட்டு ஐரோப்பாவில் கூடுதல் இறக்குமதி வரி போட்டதால் வந்த பழக்கம் இது. சித்திரை வெயிலில் இசட்வி-இ10 போன்ற சின்ன மிரர்லெஸ் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத) கேமராவில் 4கே ஓட்டினால் அதற்கு முன்பே சூடாகி அணையும். திரையை பாடியிலிருந்து விரித்து வையுங்கள், சோனியில் தானாக அணையும் வெப்பநிலையை மெனுவில் 'ஹை' என்று வையுங்கள், ஷாட்டுக்கு ஷாட் நிழலுக்குக் கொண்டுபோங்கள். பேட்டரி ஒன்று போதாது. குறைந்தது மூன்று வேண்டும். அரங்கேற்றம், மேடை நாடகம், இரண்டு மணி நேரக் கருத்தரங்கு இவற்றுக்கு ஸ்டில் கேமராவோடு மல்லுக்கட்டுவது வீண்.

கார்டு கணக்கில் பலர் ஏமாறுகிறார்கள். 100 மெகாபிட் என்றால் விநாடிக்கு 12.5 மெகாபைட், மணிக்கு 45 ஜிபி. 64 ஜிபி கார்டில் ஒரு மணி 25 நிமிடம். மேலே வி30 என்று போட்ட கார்டு போதும். பழைய ஹேண்டிகேமில் ஏ.வி.சி.எச்.டி. முறையில் எடுத்தால் எம்.டி.எஸ். கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். நீளமான டேக் 2 ஜிபி துண்டுகளாக உடைந்திருக்கும், தனித்தனியே இழுத்தால் ஒட்டும் இடத்தில் சில பிரேம் தொலையும். கார்டின் ஃபோல்டர் மொத்தத்தையும் அப்படியே காப்பி செய்து, அதற்கப்புறம் எடிட்டிங் மென்பொருளுக்குள் கொண்டுவாருங்கள்.

பணத்தை நூறு பங்காக வைத்தால் பாடி, கிட் லென்ஸ், 50 மி.மீ. மூன்றுக்கும் அறுபது, ரெக்கார்டர், மைக்குக்குப் பதினைந்து, ட்ரைபாடுக்குப் பன்னிரண்டு, மீதி ஃபில்டர், கார்டு, பேட்டரி. ட்ரைபாடில் பந்துத் தலை வேண்டாம், கைப்பிடி வைத்த ஃப்ளூயிட் ஹெட் வாங்குங்கள். பந்துத் தலையில் பேன் பண்ணினால் (கேமராவைப் பக்கவாட்டில் திருப்பினால்) அடிவானம் சாயும்.

செகண்ட் ஹேண்ட் என்றால் ஷட்டர் கவுண்ட் (எடுத்த போட்டோக்களின் எண்ணிக்கை) குறைவு என்பதை வைத்து மயங்க வேண்டாம். வீடியோ ஓடிய நேரம் அந்த எண்ணில் சேராது. ஐயாயிரம் கிளிக்தான் ஆகியிருக்கும், ஆனால் இரண்டு கல்யாண சீசன் முழுக்க சென்சார் சுட்டிருக்கும். லென்ஸ் மூடியைப் போட்டு, ஐ.எஸ்.ஓ. 3200-இல் ஒரு நிமிடம் வீடியோ எடுத்து, லேப்டாப்பில் முழுத்திரையில் பாருங்கள். நகராமல் நிற்கும் சிவப்பு, நீலப் புள்ளிகள் பழுதான பிக்சல்கள். மைக் ஜாக்கில் பின்னைச் செருகி மெல்ல ஆட்டுங்கள், ஒலி விட்டுவிட்டு வந்தால் வாங்காதீர்கள். திரையைத் திறந்து மூடித் திருப்பும்போது படம் மினுங்கினால் உள்ளே கேபிள் தேய்ந்திருக்கிறது. லென்ஸின் பின்னாலிருந்து டார்ச் அடித்தால் பூஞ்சை சிலந்திவலை மாதிரி தெரியும். கடலோர ஊர்க் கேமராக்களில் இது சகஜம். ஹேண்டிகேமில் பூஞ்சை வந்தால் லென்ஸைக் கழற்றி மாற்றவும் வழியில்லை.

ஹேண்டிகேம் யாருக்கு? படிப்புக்குக் காத்திருக்கும் ஒரு வருடத்தில் நிகழ்ச்சிப் பதிவு எடுத்துச் சம்பாதிக்க நினைப்பவருக்கு. தனியாளாகப் போய் மணிக்கணக்கில் மனிதர்களைப் பேசவிட்டு ஆவணப்படம் எடுப்பவருக்கு. ஜூம் ஒரே சீராகப் போகும், ஃபோகஸ் தவறாது, கையில் பிடித்தாலும் படம் ஆடாது. எப்போதாவது ஒருநாள்தான் தேவை என்றால் சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கம் வாடகைக்கே எடுத்துக்கொள்ளலாம். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள்: ஜூமை முழுக்க உள்ளே இழுத்து, தூரத்துப் பெயர்ப்பலகையில் ஃபோகஸ் வைத்து, அப்படியே வெளியே வாருங்கள். வெளியே வந்ததும் எழுத்து மங்கினால் வேறு பீஸ் கேளுங்கள்.