எஸ்13 காரில் எஸ்ஆர்20 டர்போ: ஃபேனா, ரேடியேட்டரா, ஆயில் கூலரா?

அமெரிக்காவில் நிசான் விற்ற 240எஸ்எக்ஸ் காருக்கு டர்போ கிடைக்கவே இல்லை. 1989-இல் அங்கே எஸ்13 என்ற உட்குறியீட்டோடு வந்த அந்தக் காரில் இருந்தது 2.4 லிட்டர் கேஏ24 இன்ஜின். அதன் ஜப்பானிய உடன்பிறப்பான சில்வியாவுக்கு 1991-இல் எஸ்ஆர்20டிஇடி (சுருக்கமாக எஸ்ஆர்20) இன்ஜின் வந்தது: 1998 சிசி, டர்போ, 205 குதிரைத்திறன். அந்த இன்ஜினைக் கொண்டுவந்து 240எஸ்எக்ஸில் இறக்குவது அங்குள்ள கார் பிரியர்களுக்குப் பழகிப்போன வேலை. வண்டி ஓடத் தொடங்கிய பிறகு வரும் முதல் தலைவலி, டெக்சாஸ், அரிசோனா வெயிலில் ஏறும் சூடு. உடனே பலரும் கை வைப்பது தடிமனான அலுமினிய ரேடியேட்டரில். எனக்கு அதில் உடன்பாடில்லை.

முதலில் சூடு எப்போது ஏறுகிறது என்று பாருங்கள். சிக்னலில் நிற்கும்போது ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்கினால் கோளாறு ஃபேனிலோ, அதைச் சுற்றிக் காற்றை வழிநடத்தும் கூடான ஷ்ரௌடிலோ இருக்கிறது. நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்திலும் ஏறினால் ரேடியேட்டர் போதவில்லை, அல்லது காற்று அதன் வழியே போகவில்லை. பூஸ்டில், அதாவது டர்போ காற்றை அழுத்தித் தள்ளும் நிலையில், நீண்ட நேரம் விரட்டும்போது மட்டும் ஏறினால் ஆயிலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டேஷ்போர்டு முள் நடுவில் நிற்கிறதே என்று நம்பி இருக்க வேண்டாம். எண்ணில் காட்டும் தனி கேஜ் ஒன்றை மாட்டிவிட்டுத்தான் மற்ற செலவைப் பற்றி யோசிக்கவே வேண்டும்.

ஃபேன் விஷயத்தில்தான் சண்டை அதிகம். எஸ்ஆர்20-உடன் வருவது இன்ஜினே சுழற்றும் கிளட்ச் ஃபேன். அதன் முகப்பில் இருக்கும் பைமெட்டல் சுருள், ரேடியேட்டர் வழியாக வரும் காற்றின் சூட்டை உணர்ந்து பிடியை இறுக்கும். காற்று குளிர்ந்தால் தளர்த்திவிடும். ஒயர் இல்லை, ரிலே இல்லை, ஃபியூஸ் இல்லை. ஆனால் ஷ்ரௌடு இல்லாத கிளட்ச் ஃபேன் பாதி ஃபேன்தான். ரேடியேட்டரின் முழுப் பரப்பிலிருந்தும் இழுக்காமல், இறக்கை நுனியைச் சுற்றியே காற்றைச் சுழற்றிக்கொண்டிருக்கும். இன்ஜின் மாற்றும்போது பழைய ஷ்ரௌடு புது ஃபேனுக்கு நேராக வராததால் அதைக் கழற்றி மூலையில் போட்டுவிடுகிறார்கள். பிறகு, "கிளட்ச் ஃபேன் போதாது" என்று ஒரு தீர்ப்பு.

எலெக்ட்ரிக் ஃபேனிலும் இரண்டு சாதி. இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் மெல்லிய இரட்டை ஃபேன்களின் பெட்டியில் அச்சிட்ட காற்றளவு, பெரும்பாலும் எதிரே ரேடியேட்டர் இல்லாத நிலையில் உள்ளது. நெருக்கமான துடுப்புகளுக்கு நடுவே இழுக்கச் சொன்னால் அந்த மோட்டார்கள் திணறும். இன்னொரு வகை, பெரிய கார்களிலிருந்து கழற்றிய தொழிற்சாலை ஃபேன். பழைய ஃபோர்டு டாரஸின் இரண்டு வேக ஃபேன் இதில் பேர்போனது. ஷ்ரௌடோடு வரும், நிஜமாகவே இழுக்கும். விலையாக அது கேட்பது மின்சாரம். உயர் வேகத்தில் 30 ஆம்பியருக்கு மேல் எடுக்கும், கிளம்பும் நொடியில் அதைவிடப் பல மடங்கு. தடிமனான ஒயர், தரமான ரிலே, தெம்பான ஆல்டர்னேட்டர் மூன்றும் இல்லாமல் அதை மாட்டாதீர்கள்.

தெருவில் ஓடும் வண்டிக்கு என் ஓட்டு, நல்ல கிளட்சும் பொருந்திய ஷ்ரௌடும் உள்ள பழைய ஃபேனுக்கே. இடம் இல்லாவிட்டால் டாரஸ் ஃபேன். மெல்லிய இரட்டை ஃபேன் என் பட்டியலிலேயே இல்லை.

இப்போது ரேடியேட்டர். பிளாஸ்டிக் தொட்டி வைத்த முப்பது வருடப் பழைய ரேடியேட்டரை மாற்றத்தான் வேண்டும். அதில் விவாதம் இல்லை. கேள்வி தடிமன்தான். 36 மில்லிமீட்டர் கோரிலிருந்து (குழாய்களும் துடுப்புகளும் உள்ள நடுப்பகுதி) 53 மில்லிமீட்டருக்குப் போனால் அதே விகிதத்தில் குளிர்ச்சி கூடாது. முன்வரிசைக் குழாய்களைத் தாண்டும்போதே காற்று சூடாகிவிடுகிறது. பின்வரிசைக்குக் கிடைப்பது அந்தச் சூடான காற்று. தடிமன் கூடக் கூட காற்று நுழைவதும் கடினம். ஆகவே பலவீனமான ஃபேனோடு தடித்த ரேடியேட்டரைச் சேர்த்தால் சிக்னலில் நிலைமை மோசமாகக்கூட ஆகலாம். கிளட்ச் ஃபேன் இறக்கைக்கும் கோருக்கும் இடையே விரல் நுழையும் இடம்கூட மிஞ்சாது. ரேஸ் டிராக்கில் தொடர்ந்து ஓட்டுபவர்களுக்குத் தடித்தது சரி. மற்றவர்களுக்கு 36 போதும்.

ரேடியேட்டருக்கு முன்னால் என்ன நிற்கிறது என்பதையும் பாருங்கள். டர்போ அழுத்திய சூடான காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், டர்போ எஸ்13-இல் அசலாகப் பம்பரின் ஓரத்தில், சக்கரத்துக்கு முன்னால் இருக்கும், ரேடியேட்டரை மறைக்காது. அசல் டர்போவில் பூஸ்டைக் கொஞ்சம் ஏற்றி ஓட்டுபவருக்கு அதுவே போதும். பெரிய டர்போ போட்டவருக்கு முன்புற இன்டர்கூலர் தவிர்க்க முடியாதது, ஆனால் அதிலிருந்து வெளிவரும் சூடான காற்றுதான் ரேடியேட்டருக்குப் போகும். அப்படிப் போட்டால் பக்கவாட்டு, மேல் இடைவெளிகளை அலுமினியத் தகடும் ஃபோமும் வைத்து அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் காற்று சுலபமான வழியில் நழுவிவிடும். இன்ஜினுக்கு அடியில் இருந்த தட்டைத் திரும்ப மாட்டுங்கள். அது இல்லாவிட்டால் அடியிலிருந்து ஏறும் காற்று ரேடியேட்டரின் பின்பக்க அழுத்தத்தைக் கூட்டி, முன்னாலிருந்து வரும் ஓட்டத்தைக் குறைத்துவிடும். இவ்வளவு மலிவான வைத்தியம் வேறு இல்லை.

சூட்டைப் பார்த்துக் கூலன்டுக்கு வழிவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டில், சீக்கிரம் திறக்கும் வகைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். சூடு கட்டுக்கடங்காமல் ஏறும் நேரத்தில் எந்த தெர்மோஸ்டாட்டும் முழுதாகத் திறந்துதான் இருக்கும். நம் ஊர்ப் பட்டறைகளில் செய்வதுபோல அதைக் கழற்றியே எறிவது இன்னும் கெடுதல். இன்ஜின் தேவையான சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

கூலன்டில், தெருவுக்குப் பாதித் தண்ணீர், பாதி கிளைக்கால் எனும் உறைதடுப்புத் திரவம். சாதாரண அழுத்தத்தில் ஏறக்குறைய 106 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். மூடியின் அழுத்தம் அதை இன்னும் உயர்த்தும். வெறும் தண்ணீர் அதைவிட அதிகச் சூட்டைச் சுமக்கும் என்பது உண்மைதான். ஆனால் துருத்தடுப்பு சேர்க்காமல் விட்டால் அலுமினிய ஹெட்டையும் பிளாக்கையும் அரித்துவிடும். பல ரேஸ் டிராக்குகளில் கிளைக்காலுக்கு அனுமதியே கிடையாது, சிந்தினால் தரை வழுக்கும் என்பதால். அங்கே தண்ணீரும் துருத்தடுப்பும்தான். எதை ஊற்றினாலும் காரின் மூக்கைத் தூக்கி நிறுத்தி, காற்று வெளியேற்றும் திருகைத் திறந்து, குமிழி வருவது நிற்கும்வரை ஊற்றுங்கள். புது ரேடியேட்டர் போட்டும் சூடேறுகிறது என்று புலம்பும் வண்டிகளில் பல, உள்ளே காற்று சிக்கியவை.

ஆயில் கூலரைக் கடைசிக்கு வைத்தேன். தினமும் வேலைக்கு ஓட்டும் வண்டிக்கு அது தேவையில்லை. டிராக்கில் ஓட்டினால், ரேடியேட்டரைத் தடிமனாக்குவதற்கு முன் இதை வாங்குங்கள். ஆயில் ஃபில்டருக்கு அடியில் மாட்டும் தட்டு, தெர்மோஸ்டாட் உள்ளதாக இருக்கட்டும். கூலரை ரேடியேட்டருக்கு முன்னால் தொங்கவிடாமல், அசல் இன்டர்கூலர் இருந்த ஓரத்தில் வைத்தால் காற்றுக்குப் போட்டி வராது.