911 எஸ்சி: சிலிண்டர்களைக் கழற்றி சீல் போட்டு சில வருஷம் ஓட்டியதில் தெரிந்தது

போர்ஷே 911 எஸ்சி 1978 முதல் 1983 வரை வந்த வண்டி, ஏர்கூல்டு 3.0 லிட்டர், ஆறு சிலிண்டரும் தனித்தனி. சிலிண்டர் அடியில் ஆயில் கசிந்ததால் எஞ்ஜினை இறக்கி ஆறையும் கழற்றி புது கேஸ்கெட் போட்டேன். சில வருஷம் ஆகிவிட்டது, அந்த இடம் இன்னும் காய்ந்துதான் இருக்கிறது.

"இவ்வளவு கழற்றினபிறகு பிஸ்டன் ரிங்கையும் மாத்திடு" என்று எல்லோரும் சொல்வார்கள். கம்ப்ரெஷன் ஆறிலும் சமமாக இருந்தது, ஆயிலும் குடிக்கவில்லை, அப்புறம் எதற்கு? சிலிண்டரை முழுக்க உருவாமல் கஜன் பின் (பிஸ்டனை கனெக்டிங் ராடோடு இணைக்கும் முள்) கண்ணில் படும் அளவுக்கு மட்டும் வெளியே இழுத்து, அதைப் பிடித்திருக்கும் லாக்கை எடுத்துவிட்டு பின்னைத் தள்ளினால், பிஸ்டன் உள்ளே இருக்கும்போதே சிலிண்டர் கையோடு வந்துவிடும், ரிங் தன் பழைய தடத்திலேயே இருக்கும். லாக்கைத் தொடும் முன் கிராங்க் கேஸ் (எஞ்ஜினின் அடிக்கூடு) வாயில் துணி அடைத்தே ஆகவேண்டும், தெறித்து உள்ளே விழுந்தால் வேலை பத்து மடங்கு. ரிங் மாற்றியே ஆகவேண்டும் என்றால் சிலிண்டர் நிக்கசிலா (அலுமினியத்தின் மேல் நிக்கல் பூச்சு) அலுசிலா (பூச்சில்லாத அலுமினியம்-சிலிக்கான் கலவை) என்று முதலில் பாருங்கள். இந்த வண்டியில் இரண்டுமே வந்திருக்கிறது, அலுசில் சுவரில் சாதாரண ஹோனிங் (சுவரைக் கல்லால் உரசிச் சீராக்குவது) கூடாது.

இனி சீலண்ட். அடியில் வருவது 0.25 மி.மீ. செம்புக் கேஸ்கெட். அதன் இரண்டு பக்கமும் தோசைக்கு எண்ணெய் மாதிரி சிலிக்கான் தடவுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். பிதுங்கியது ஆயிலோடு போய் எங்காவது அடைக்கும். கிராங்க் கேஸ் முகம் சுத்தமாக, சமமாக இருந்தால் செம்பே போதும், நான் எதுவும் தடவவில்லை. பழைய பிசினைச் சுரண்ட பிளாஸ்டிக் கத்திதான், உப்புத்தாள் தேய்த்தால் அந்தப் பொடி நேராக பேரிங்குக்குப் போகும்.

எஸ்சியில் கீழ் வரிசை ஹெட் ஸ்டட் (சிலிண்டரையும் ஹெட்டையும் கிராங்க் கேஸோடு இறுக்கும் நீளத் தண்டு) பன்னிரண்டும் டிலாவர் என்ற கலவை. துரு அரித்து, வண்டி சும்மா நிற்கும்போதுகூட முறியும், முறிந்தால் அந்த சிலிண்டரின் பிடிப்பு போச்சு. காந்தம் ஒட்டாது, அதை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். கீழ் வரிசை முழுவதும் ஸ்டீலுக்கு மாற்றினேன். செலவில் வலித்தது இதுதான், ஆனால் இதைத் தள்ளிப்போட்டு கேஸ்கெட் மட்டும் மாற்றுவது பணத்துக்குக் கேடு.

கேம் ஹவுசிங்கிலிருந்து (கேம் ஷாஃப்ட் இருக்கும் கூடு) ஆயிலை கிராங்க் கேஸுக்குத் திருப்பும் ஆயில் ரிட்டர்ன் குழாய் நாலையும் அப்போதே மாற்றிவிடுங்கள். பழைய ஒற்றைத் துண்டுக் குழாயை கேம் ஹவுசிங் கழன்றிருக்கும்போதுதான் மாற்ற முடியும். அதன் ஓ-ரிங் இறுகிப்போய் கசிந்தால் சொட்டு எக்ஸாஸ்ட் சூட்டை ஹீட்டருக்குக் கொடுக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விழுந்து, ஹீட்டர் போட்டதும் கருகிய ஆயில் வாடை உள்ளே வரும். இப்போது அந்த வாடை இல்லை. சிலிண்டர்களுக்கு இடையே காற்றைத் திருப்பும் தகடுகளை விடாமல் மாட்டுங்கள், ஹெட் ஏறியபிறகு ஞாபகம் வந்தால் மறுபடி பிரிக்கத்தான் வேண்டும்.

நாள்பட நின்ற பிறகு ஸ்டார்ட் செய்தால் கொஞ்சம் புகை வரும், சிலிண்டர்கள் கிடையாகப் படுத்த எஞ்ஜினுக்கு அது வழக்கம். இப்போது கசிவது கீழ் வால்வ் கவர் மட்டும், அதுவும் ஈரக்கசிவுதான். வால்வ் அட்ஜஸ்ட் செய்யும்போதெல்லாம் அந்த கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டுவிடுகிறேன், அதற்கு எஞ்ஜினை இறக்க வேண்டியதில்லை.