கண் வறட்சி: சொட்டு மருந்தா, ஒத்தடமா?

"கண் எரியுது" என்று மருந்துக்கடையில் சொன்னால் பெரும்பாலும் ஒரு சொட்டு மருந்தைக் கொடுத்துவிடுவார்கள். அது கார்பாக்ஸிமெதில் செல்லுலோஸா, ஹயலூரோனேட்டா என்று மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டுமே ஈரத்தைப் பிடித்துவைக்கும் செயற்கைக் கண்ணீர்தான். அதில் மருந்து கெடாமலிருக்கச் சேர்க்கும் பிரிசர்வேட்டிவ் இருக்கிறதா என்று பாருங்கள். பென்சால்கோனியம் குளோரைடு என்ற பிரிசர்வேட்டிவ் கலந்த மருந்தை ஒரு நாளில் நாலைந்து முறைக்கு மேல் விட்டால், அதுவே கருவிழியின் மேற்பரப்பைக் கெடுக்கும். அடிக்கடி விடுபவர்கள் கூடுதல் காசு கொடுத்தாவது பிரிசர்வேட்டிவ் இல்லாததை வாங்குவது நல்லது.

சிவப்பை மறைக்கும் நாபசோலின் வகையை இந்தப் போட்டியிலேயே நான் சேர்க்கமாட்டேன். இரத்தக் குழாய்களைச் சுருக்கிக் கண்ணை வெளுப்பாகக் காட்டுமே தவிர, வறட்சி அப்படியேதான் இருக்கும். தொடர்ந்து விட்டுப் பழகினால், நிறுத்தியதும் முன்பைவிடச் சிவக்கும்.

சரி, ஒத்தடம்? கண்ணீரின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் உண்டு. இமை ஓரத்திலுள்ள மெய்போமியன் சுரப்பிகள்தான் அந்த எண்ணெயைத் தருகின்றன. அவை அடைத்துக்கொண்டால் எவ்வளவு கண்ணீர் சுரந்தாலும் சீக்கிரம் ஆவியாகிவிடும். வறட்சியில் அதிகம் காணப்படுவது இந்த வகைதான். சிமிட்டும்போதுதான் எண்ணெய் வெளியே வரும்; திரையையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் சிமிட்டுவதோ குறைவு, அதுவும் அரைகுறை. இவர்களுக்குச் சொட்டு மருந்து தற்காலிக ஆறுதல்தான். மூடிய இமைமேல் சுமார் 40 டிகிரி வெதுவெதுப்பில் 5 முதல் 10 நிமிடம் ஒத்தடம், பிறகு இமையை முடியுள்ள ஓரம் நோக்கி மெதுவாக நீவுதல். செலவில்லை. ஆனால் துணி சீக்கிரம் ஆறிவிடும், திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும். அந்தச் சலிப்பில்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

அழற்சி முற்றியவர்களுக்கு மருத்துவர் அழற்சியைத் தணிக்கும் சைக்ளோஸ்போரின் சொட்டு எழுதுவார். விட்டதும் எரியும், பலன் தெரிய மாதங்கள் ஆகும். ஓரிரு வாரத்தில் நிறுத்தினால் வாங்கிய காசு வீண். ஸ்டீராய்டு சொட்டு வேகமாக வேலை செய்யும். ஆனால் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கி விடுபவர்களுக்குக் கண் அழுத்தமும் கண்புரையும் வரலாம்.

மீன் எண்ணெய் மாத்திரையா? 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தினம் 3 கிராம் ஒமேகா-3 ஓராண்டு எடுத்தவர்களுக்கும் ஆலிவ் எண்ணெய் எடுத்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நானாக இருந்தால் அந்தக் காசுக்கு மீனே வாங்குவேன்.

வாயும் சேர்ந்து வறண்டு, மூட்டும் வலித்தால் மேலே சொன்ன எதையும் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்காதீர்கள். உடலின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோயாக இருக்கலாம். அதற்கு இரத்தப் பரிசோதனை தேவை.