பக்கிக்கு எந்த விளக்கு?

தமிழ்நாட்டில் ‘பக்கி’ என்றால் திட்டு. தென்னாப்பிரிக்காவில், டர்பனில், எங்களுக்கு அது சோறு போடுகிற வண்டி, அதாவது பிக்கப். பின்னால் சாமான் தொட்டி, அதன்மேல் கேனப்பி என்கிற மூடு கூடு, உள்ளே டூல்பாக்ஸ், டோபார் என்கிற பின் கொக்கியில் சமயத்துக்கு ஒரு டிரெய்லர். நான் இங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் எலக்ட்ரீஷியன். 2019 டிசம்பரில் முறை வைத்துக் கரண்டை நிறுத்துகிற லோட்ஷெடிங் முதல் தடவையாக ஸ்டேஜ் 6 என்கிற ஆறாம் கட்டம் வரை போனதே, அந்த வாரத்தில் ஒரு ராத்திரி கேனப்பிக்குள் தலையை விட்டு, ஃபோனைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு பிரேக்கரைத் தேடினேன். ஊருக்கு வெளிச்சம் போடுகிறவன் வண்டி இப்படி இருட்டிக் கிடக்கிறதே என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அதன்பிறகு மூன்று வகையையும் போட்டுப் பார்த்துவிட்டேன்: ஒட்டுகிற எல்ஈடி ஸ்ட்ரிப், போல்ட் போட்டு முடுக்குகிற ‘பாட்’ என்கிற குட்டி விளக்கு, காந்தத்தில் நிற்கிற சார்ஜ் விளக்கு.

ஸ்ட்ரிப்தான் எல்லோரும் முதலில் வாங்குவது. ஒரு செட் பாட் வாங்குகிற காசில் இரண்டு மூன்று ரோல் கிடைக்கும். வெளிச்சமும் அருமை. கேனப்பிக் கூரையின் இரண்டு ஓரத்திலும் ஒட்டினால் நிழலே விழாது. கை எங்கே போனாலும் சாமான் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் மற்ற இரண்டும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

ஆனால் அது ஏன் சீக்கிரம் சாகிறது? பலரும் ‘மட்டமான சரக்கு’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள். பாதிக் குற்றம் வண்டியுடையது. 12 வோல்ட் ஸ்ட்ரிப்பில் மூன்று மூன்று எல்ஈடியாகக் கோத்து, ஒவ்வொரு கோர்வைக்கும் ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். வெள்ளை எல்ஈடி ஒன்றுக்குச் சுமார் 3.2 வோல்ட், மூன்றுக்கு 9.6. மிச்சம் 2.4 வோல்ட்டைத்தான் ரெசிஸ்டர் தாங்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் 14.4 வோல்ட் வரை தள்ளும். அப்போது ரெசிஸ்டர் மேல் விழுவது 4.8. கரண்ட் ஏறக்குறைய இரட்டிப்பு! எல்ஈடி பளிச்சென்று எரியும். ‘நல்லா எரியுதே’ என்று சந்தோஷப்படுவோம். ஆறு மாதத்தில் மூன்று மூன்றாகக் கண்ணை மூடும். நடுவில் 12 வோல்ட்டில் நிறுத்துகிற குட்டி ரெகுலேட்டர் ஒன்று வைத்தால் இந்தத் தொல்லை போய்விடும். 24 வோல்ட் லாரிக்காரர்கள் அந்த ஸ்ட்ரிப்பை நேராகக் கொடுத்தே பார்க்க வேண்டாம்.

இன்னொரு குற்றம் பசை. இங்கே கோடைக்காலமான பிப்ரவரி வெயிலில் கேனப்பிக் கூரை தோசைக்கல் மாதிரி கொதிக்கும். ஸ்ட்ரிப் பாம்பாகத் தொங்கும். முதலில் மெத்திலேட்டட் ஸ்பிரிட்டால் துடைத்து, அலுமினியச் சட்டத்துக்குள் ஒட்டி, சட்டத்தை முடுக்கினேன். அதற்கப்புறம் விழவில்லை.

பாட் வேறு ஜாதி. உள்ளங்கைக்குள் அடங்குகிற அலுமினியக் கூடு, உள்ளே எபாக்ஸி ஊற்றி மூடியிருக்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொயோட்டா ஹைலக்ஸ் பக்கி செய்கிற ப்ராஸ்பெக்டன் தொழிற்சாலையே தண்ணீருக்குள் நின்றது. என் கிழட்டு ஹைலக்ஸ் எம்மாத்திரம். வீட்டு வாசலிலேயே தொட்டி முங்க முங்கச் சேற்றுத் தண்ணீர். வடிந்தபின் பார்த்தால் வண்டியில் ஏறுகிற படிக்குக் கீழே இருந்த இரண்டு பாட்டும் எரிந்தன. பின்கதவு ஓரம் ஓடிய ஸ்ட்ரிப் செத்துவிட்டது. தூசி, தண்ணீரை எவ்வளவு தாங்கும் என்பதற்கு ஐபி என்று ஒரு எண் உண்டு. ஸ்ட்ரிப் பெட்டியில் ஐபி65 என்று போட்டிருந்தது; பாட் ஐபி67. முதலாவது தண்ணீர்ப் பீச்சலுக்கு மட்டும். இரண்டாவது ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம். ஆனால் 67 என்பதற்காகப் பிரஷர் வாஷரைக் கிட்டத்தில் பிடித்துவிடாதீர்கள். முங்குவதற்கு வைத்த சோதனை வேறு, பீச்சுவதற்கு வைத்த சோதனை வேறு.

பாட்டின் குறை, அது ஒரே புள்ளியிலிருந்து அடிக்கும். டூல்பாக்ஸுக்குள் வைத்தால் ட்ரில் மெஷின் நிழலில் பிட்டைத் தேட வேண்டிவரும். குனிந்தால் கண்ணைப் பறிக்கும். தகட்டில் துளை போடவும் வேண்டும். கடல் காற்று ஊரில் துளை என்றால் துருவுக்கு வாசல் திறந்த மாதிரி. துளை ஓரத்தில் துருத் தடுப்பு ப்ரைமர் அடித்து ரப்பர் வளையம் போடாமல் வயரை நுழைக்காதீர்கள்.

காந்த விளக்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வயரிங் வேண்டாம், டிபி போர்டில், அதாவது வீட்டு பிரேக்கர் பெட்டியில், ஒட்டி இரண்டு கையாலும் வேலை பார்க்கலாம். “அண்ணே, இது மட்டும் போதும், வண்டியை ஏன் கிழிக்கிறீங்க?” என்றான் என்னோடு வேலை செய்கிற தம்பி. “உன் கேனப்பியில ஒட்டிக் காட்டு தம்பி” என்றேன். கேனப்பி ஃபைபர்கிளாஸ், டூல்பாக்ஸ் அலுமினியம். காந்தம் எதில் ஒட்டும்? போதாததற்கு, வேண்டிய நேரத்தில் அது எப்போதும் சார்ஜ் இல்லாமல்தான் இருக்கும்.

நிறம் விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். நீலம் தட்டுகிற 6500 கெல்வின் வெள்ளை கடையில் பார்க்கப் பிரகாசம். ஆனால் வயர் நிறம் தெரிய வேண்டுமே. இங்கே வீட்டுச் சுவருக்குள் லைவ், அதாவது கரண்ட் வருகிற வயர், சிவப்பு. சாமான்களுக்குப் போகிற வளையும் ஃப்ளெக்ஸ் வயரில் பழுப்பு. மட்டமான எல்ஈடியில் பழைய சிவப்பும் பழுப்பும் ஒன்றாகத் தெரியும். நீலம் குறைந்த 4000 கெல்வின், சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டுகிற அளவு) 90 என்று போட்டது கிடைத்தால் இரண்டு காசு கூடக் கொடுக்கலாம். மழை விட்ட சாயங்காலம் ஈசலும் கொஞ்சம் குறைவாக வரும். வண்டிக்கு வெளியே நீலம் வேண்டவே வேண்டாம், அது போலீஸ் நிறம். முன்னால் சிவப்பும் தெரியக் கூடாது. பின்னால் வெள்ளை வேலை விளக்கை எரியவிட்டு ரோட்டில் ஓட்டுவதும் தப்பு.

டிரெய்லரில் பல்பை மட்டும் எல்ஈடியாக மாற்றினால் இண்டிகேட்டர் படபடவென்று அடிக்கும். கரண்ட் குறைந்ததால் பல்பு போய்விட்டது என்று வண்டி நினைத்துக்கொள்கிறது. படகு இறக்குகிறவர்கள் சீல் வைத்த முழு விளக்காகவே மாற்றிவிட்டு, இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கிற ஃப்ளாஷரையும் எல்ஈடிக்கு உரியதாகப் போடுவது நல்லது.

எதை வாங்கினாலும் காசை வயரில் போடுங்கள். மீட்டருக்கு அறுபது எல்ஈடி உள்ள 5050 (5 மி.மீ. சதுர எல்ஈடி) ஸ்ட்ரிப் ஒரு மீட்டருக்கு 14.4 வாட், 12 வோல்ட்டில் மூன்று மீட்டருக்கு 3.6 ஆம்ப். பேட்டரிக்குப் பக்கத்திலேயே 5 ஆம்ப் ஃபியூஸ், இணைப்பின் மேல் சூட்டில் சுருங்கி ஒட்டுகிற பசை உள்ள ஹீட்ஷ்ரிங்க் குழாய், கதவை மூடினால் விளக்கை அணைக்கிற சுவிட்ச். அந்த சுவிட்சைச் சோம்பலில் விட்டுவிட்டு ஒரு ராத்திரி பத்து மணி நேரம் எரியவிட்டேன், 36 ஆம்ப்-அவர் காலி. காலையில் மாமனார் வண்டி பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்தேன். “எலக்ட்ரீஷியன் மாப்பிள்ளை” என்று அவர் சிரித்த சிரிப்பு இன்னும் நிற்கவில்லை.

இப்போது என் வண்டியில் கேனப்பிக்குள்ளும் டூல்பாக்ஸிலும் ரெகுலேட்டரோடு ஸ்ட்ரிப். ஏறுகிற படிக்கும் டோபாருக்கும் பாட். காந்த விளக்கு தம்பியின் பையில், சார்ஜ் இல்லாமல்.